டார்த் வேடர் தந்தையான கதை: ஸ்டார் வார்ஸ் தொடரில் ஒரு திரைக்கதை முடிவும் அதன் விளைவுகளும்

கதையின் நடுவழியில் எடுக்கப்படும் ஒரே ஒரு முடிவு, அதற்கு முன் சொல்லப்பட்டவற்றின் பொருளையும் அதற்குப் பின் சொல்லப்படவிருப்பவற்றின் திசையையும் ஒருசேர மாற்றிவிட முடியும் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் திரைப்படத் தொடர் மிகத் தெளிவான சான்று. 1977இல் வெளிவந்த முதல் படத்தில் நாயகனின் தந்தையைக் கொன்றவர் என்று சொல்லப்பட்ட டார்த் வேடர், 1980இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் அந்த நாயகனின் தந்தையாகவே ஆனார். இது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட திட்டம் என்று இரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். கிடைத்திருக்கும் திரைக்கதை வரைவுகள் அப்படிச் சொல்லவில்லை. அந்த முடிவு எவ்வாறு பிறந்தது, முன்பே சொல்லப்பட்ட கதையில் எவற்றையெல்லாம் அது உடைத்தது, உடைந்தவற்றை எப்படிப் பொருத்தினார்கள், அதன் வழியாக ஒரு விண்வெளிச் சாகசக் கதை எவ்வாறு தொன்மத்தின் கனத்தைப் பெற்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1977: தந்தை இறந்துவிட்டார்

முதல் படத்தின் கதை எளிமையானது. டாட்டூயின் என்ற பாலைக் கோளில் சித்தப்பாவின் பண்ணையில் வளரும் லூக், ஓபி-வான் கெனோபி என்ற முதிய வீரரிடமிருந்து தன் தந்தையின் ஒளிவாளைப் பெறுகிறான். தந்தை எப்படி இறந்தார் என்று அவன் கேட்கிறான். தன் மாணவனாக இருந்து தீமையின் பக்கம் சாய்ந்த டார்த் வேடர் என்ற இளைஞன், உன் தந்தைக்குத் துரோகம் செய்து அவரைக் கொன்றுவிட்டான் என்று ஓபி-வான் விடை சொல்கிறார். இந்த ஒரு விடையிலேயே படத்தின் அற அமைப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது: ஒளிவாள் மகனுக்குக் கிடைத்த உரிமைச் சொத்து, வேடர் அவனுடைய பழிக்குரியவர், ஓபி-வான் உண்மை சொல்லும் ஆசான்.

இந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், வேடர் பின்னாளில் அடைந்த பெருமைக்கான தடயங்கள் மிகக் குறைவு. கோள்களையே அழிக்கவல்ல டெத் ஸ்டார் என்ற விண்கோட்டையில் அதிகாரம் செலுத்துபவர் ஆளுநர் டார்க்கின். வேடரைக் கட்டியிருக்கும் கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது என்ற பொருளில் இளவரசி லெயா டார்க்கினிடமே ஏளனமாகச் சொல்கிறாள். ஓபி-வானும் வேடரும் வாளோடு மோதும் காட்சியில் ஓபி-வான் எதிராளியை ‘டார்த்’ என்று விளிக்கிறார். பிற்காலப் படங்களில் ‘டார்த்’ என்பது தீய பிரிவின் தலைவர்கள் ஏற்றுக்கொள்ளும் பட்டம். 1977இலோ அது ஒரு மனிதனின் இயற்பெயர் போலவே ஒலிக்கிறது. இன்று வேடரை நினைத்தவுடன் காதில் கேட்கும், இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் அந்த அணிவகுப்பு இசை முதல் படத்தில் இல்லவே இல்லை. அது 1980ஆம் ஆண்டுப் படத்துக்காகத்தான் எழுதப்பட்டது.

முகமூடியின் பிறப்பும் இதே வகையைச் சேர்ந்தது. ஓவியர் ரால்ஃப் மக்குவாரி வேடரை வரையத் தொடங்கியபோது, அந்தப் பாத்திரம் காற்றில்லாத வெளியைக் கடந்து ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குள் நுழைய வேண்டும் என்று அன்றைய வரைவு சொன்னதால், மூச்சுவிட ஒரு கருவி வேண்டும் என்று கருதி முகமூடியைச் சேர்த்தார். அந்தத் தேவை படத்திலிருந்து மறைந்துவிட்டது, முகமூடி மட்டும் தங்கிவிட்டது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் நீர்மூழ்கு வீரர்களின் சுவாசக் கருவியிலிருந்து அதற்கு மூச்சொலி அமைத்தார். உள்ளே யார் இருக்கிறார், ஏன் இப்படி மூச்சுவிடுகிறார் என்பதை முதல் படம் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது.

1977 மே 25 அன்று அமெரிக்காவில் முப்பத்துச் சொச்சம் திரையரங்குகளில் மட்டும் வெளியான அந்தப் படம், அதுவரை அங்கு வசூலில் முதலிடத்தில் இருந்த ‘ஜாஸ்’ படத்தை முந்தியது. வெற்றிக்குப் பிறகு, படத்தை எழுதி இயக்கிய ஜார்ஜ் லூக்கஸின் முன் இருந்த சிக்கல் வேறு வகையானது: முடிந்துபோன ஒரு கதையை எப்படித் தொடர்வது? டெத் ஸ்டார் வெடித்துவிட்டது, பதக்கங்கள் அணிவிக்கப்பட்டுவிட்டன. தப்பித்துப் போன வேடர் மட்டும் எஞ்சியிருந்தார்.

வரைவில் இருந்த இரண்டு தந்தையர்

இரண்டாம் படத்தின் முதல் வரைவை எழுதியவர் லீ பிராக்கெட். விண்வெளிச் சாகசப் புதினங்களிலும் ஹாலிவுட் திரைக்கதைகளிலும் நீண்ட அனுபவம் கொண்டிருந்த அவர், புற்றுநோயோடு போராடிய நாள்களில் அந்த வரைவை முடித்து 1978 பிப்ரவரியில் ஒப்படைத்தார். அடுத்த மாதமே காலமானார். அவருடைய வரைவில் லூக்கின் தந்தை ஆவியுருவில் தோன்றி மகனை வாழ்த்தி உறுதிமொழி ஏற்கச் செய்கிறார். வேடர் அவரிலிருந்து முற்றிலும் வேறான ஒருவர். ஆக, முதல் படம் வெளிவந்து பல மாதங்கள் கழிந்த பிறகும் இருவரும் இருவராகவே இருந்தார்கள்.

பிராக்கெட்டின் மறைவுக்குப் பிறகு அடுத்த வரைவை லூக்கஸ் தானே எழுதினார். வேடர் தன்னை லூக்கின் தந்தை என்று அறிவிக்கும் இடம் அதில்தான் வருகிறது. பின்னர் லாரன்ஸ் காஸ்டன் அதைச் செப்பனிட்டார். இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். ‘வேடர்’ என்ற சொல்லின் எழுத்துகள் டச்சு மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பதைச் சுட்டி, திட்டம் முன்பே இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. லூக்கஸும் பிற்காலப் பேட்டிகளில் அந்தப் பெயரைத் தந்தை என்ற பொருளோடு இணைத்துப் பேசியிருக்கிறார். ஆயினும் பெயரின் ஒலிப்பொருத்தத்தைவிட, ஒரு வரைவில் தனித்து நின்று பேசும் தந்தையின் ஆவி வலுவான சான்று என்றே நான் கருதுகிறேன்.

ஏன் இந்த இணைப்பு? திரைக்கதைக் கைவினையின் கண்ணோடு பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. ஓபி-வான் ஆவியாக வருகிறார், யோடா என்ற புதிய ஆசான் வரப்போகிறார், இவர்களோடு தந்தையின் ஆவியும் சேர்ந்தால் மூன்று முதியவர்கள் ஒரே வேலையைச் செய்வார்கள். நல்ல தந்தைக்குக் கதையில் செய்ய ஒன்றுமில்லை. கொடிய வேடருக்கோ நாயகனைத் துரத்துவதற்கு ஆழமான காரணமில்லை. இருவரையும் ஒருவராக்கியபோது இரண்டு குறைகளும் ஒன்றாகத் தீர்ந்தன. பாத்திரங்களைக் குறைக்கும் ஒரு சிக்கன நடவடிக்கை இந்தத் தொடரின் மையத் தொன்மத்தைப் பெற்றெடுத்தது என்பது என் வாசிப்பு.

இரகசியம் காக்கப்பட்ட விதமும் குறிப்பிடத்தக்கது. வேடரின் உடைக்குள் நடித்த டேவிட் ப்ரௌஸிடம் படப்பிடிப்பில் பேசும்படி கொடுக்கப்பட்ட வசனம், ஓபி-வான்தான் உன் தந்தையைக் கொன்றவர் என்ற பொருள்படும் பொய் வசனம். லூக்காக நடித்த மார்க் ஹேமிலுக்கு அந்தக் காட்சியைப் படமாக்குவதற்குச் சற்று முன்புதான் உண்மை சொல்லப்பட்டது. வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அந்த வரியைப் படித்தபோது, வேடர் பொய் சொல்கிறார் என்றே எண்ணியதாகப் பின்னர் கூறியிருக்கிறார்.

காட்சி

1980ஆம் ஆண்டுப் படத்தின் இறுதிப் பகுதியில், மேக நகரத்தின் அடியற்ற சுரங்க வாயின் மேல் நீண்டிருக்கும் ஒரு மேடையில் லூக் பின்வாங்கிக்கொண்டே போகிறான். அவனுடைய வலக்கை ஒளிவாளோடு சேர்த்து வெட்டி வீழ்த்தப்படுகிறது. தந்தையின் வாளும் அதைப் பிடித்திருந்த கையும் ஒரே வீச்சில் போய்விட்ட பிறகுதான் அந்த அறிவிப்பு வருகிறது. ஓபி-வான் உன் தந்தைக்கு என்ன நேர்ந்தது என்று உனக்குச் சொல்லவில்லை என்கிறார் வேடர். நீதான் அவரைக் கொன்றாய் என்று சொன்னார் என்கிறான் லூக். “இல்லை. நான்தான் உன் தந்தை.” மக்கள் நினைவில் இந்த வசனம் ‘லூக்’ என்ற விளியோடு தொடங்குவதாகப் பதிந்திருக்கிறது. படத்தில் அது ‘இல்லை’ என்ற மறுப்போடுதான் தொடங்குகிறது. அந்த மறுப்பு முதல் படத்தையே மறுக்கிறது என்பதால் இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இந்த வெளிப்பாடு வெறும் அதிர்ச்சிக்காக வைக்கப்பட்டதன்று. அதற்குள் ஒரு பேரம் இருக்கிறது. என்னோடு சேர், பேரரசரை வீழ்த்துவோம், தந்தையும் மகனுமாக இந்த அண்டத்தை ஆள்வோம் என்று வேடர் கை நீட்டுகிறார். தமிழ் வாசகருக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தோன்ற வேண்டும். போருக்கு முன்னால் கர்ணனிடம் கண்ணன் அவனது பிறப்பின் உண்மையைச் சொல்வதும் அரியணையைக் காட்டித்தான். அங்கும் பிறப்பின் மறைபொருள் பக்கம் மாற்றுவதற்கான கருவியாகவே பயன்படுகிறது; அங்கும் கேட்டவன் மறுக்கிறான். ஆனால் கர்ணன் மறுப்பதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்ற பற்றுக்கோடு இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று இறக்கப்போகிறோம் என்ற தெளிவு அவனுக்கு உண்டு. லூக்குக்கு அந்த நொடியில் பற்றுக்கோடாக எதுவுமில்லை. ஆசான் பொய் சொல்லியிருக்கிறார், தந்தை கொடியவர், வாள் போய்விட்டது. அவன் மேடையை விட்டுக் கையை எடுத்து வெறுமைக்குள் விழுகிறான். வென்று காட்டவும் வழியில்லாமல், வாதிட்டு மறுக்கவும் வழியில்லாமல், விழுவதையே மறுப்பாக்கிய அந்தத் தேர்வில்தான் லூக் முதன்முறையாகக் காப்பிய நாயகனாகத் தெரிகிறான் என்பேன்.

இதற்கு முன்பே படம் நம்மைத் தயார் செய்திருக்கிறது. டாகோபா என்ற சதுப்புக் கோளில் ஒரு குகைக்குள் நுழையும் லூக்கிடம், உன் ஆயுதங்கள் உனக்குத் தேவைப்படாது என்கிறார் யோடா. அவன் எடுத்துச் செல்கிறான். உள்ளே எதிர்வரும் வேடர் உருவின் தலையைக் கொய்கிறான்; முகமூடி பிளந்தபோது உள்ளே இருப்பது அவனுடைய முகம். முதன்முறை பார்ப்பவர் இதை, வெறுப்பு உன்னையும் அவனாக்கும் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார். இரண்டாம் முறை பார்ப்பவருக்கு அது குடும்பச் சாயலாகவும் தெரியும்.

சேதமும் சீரமைப்பும்

இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை முதலில் கொடுத்தவர் ஓபி-வான். 1977இல் உண்மையின் உருவமாக நின்றவர் இப்போது பொய்யராகிவிட்டார். 1983ஆம் ஆண்டுப் படத்தில் லூக் இதை நேரடியாகவே கேட்கிறான். உன் தந்தையாக இருந்த நல்ல மனிதர், வேடராக மாறிய நாளிலேயே அழிந்துபோனார். ஆகவே நான் சொன்னது ஒரு குறிப்பிட்ட கண்ணோட்டத்தில் உண்மைதான் என்று ஓபி-வான் விடை தருகிறார். இது ஒட்டுப்போட்ட விடை என்று அன்றிலிருந்து பலர் குறை சொல்லி வருகிறார்கள், அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் விடையின் உள்ளடக்கத்தைக் கவனித்தால், அது கதையின் அடுத்த பெரிய கேள்வியைத் துல்லியமாக வகுத்துக் கொடுக்கிறது: அந்த நல்ல மனிதர் உண்மையிலேயே அழிந்துவிட்டாரா? ஆசான் அழிந்துவிட்டார் என்கிறார். மகன் இல்லை என்கிறான். மூன்றாம் படம் முழுவதும் இந்த ஒரு கருத்து வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

லெயாவை லூக்கின் இரட்டைச் சகோதரியாக்கிய மாற்றத்தை இதே அளவுக்கு மெச்ச முடியவில்லை. இரண்டாம் படத்தில் யோடா குறிப்பிட்ட ‘இன்னொருவர்’ யார் என்பதற்கு விரைவாகத் தேடிய விடை அது; அதே இரண்டாம் படத்தில் அவள் லூக்குக்குக் கொடுத்த முத்தத்தை அது சங்கடமாக்கிவிட்டது. அவளுக்கும் தந்தை வேடர்தானே. தன் கோள் அழிக்கப்பட்டதைக் கண்முன் பார்க்கும்படி அவளைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தானே. அந்தக் கொடிய உறவை மூன்றாம் படம் ஆராயாமலே கடந்துவிடுகிறது.

பேரரசரின் அரியணை அறையில் நிகழும் உச்சக்காட்சிக்கு இந்தக் குறைகள் எவற்றாலும் ஊறு நேரவில்லை. சகோதரியின் பெயரைச் சொல்லி வேடர் சீண்டியதும் லூக் வெறிகொண்டு பாய்கிறான், அவருடைய வலக்கையைத் துண்டிக்கிறான். அறுந்த மணிக்கட்டில் கம்பிகள் தெரிகின்றன. அவன் கறுப்பு உறை அணிந்த தன் செயற்கைக் கையைப் பார்க்கிறான். வசனமே இல்லாத சில நொடிகள் அவை. குகையில் கண்ட முகம் அங்கே கையாகத் திரும்பி வருகிறது. ஒளிவாளை எறிந்துவிட்டு, என் தந்தையைப் போலவே நானும் ஒரு ஜெடாய் வீரன் என்று அவன் சொல்கிறான். தன் தந்தையைக் கொல்ல முடியாது என்று அவன் முன்பு சொன்னபோது, அப்படியென்றால் பேரரசர் ஏற்கெனவே வென்றுவிட்டார் என்றவர் ஓபி-வான். ஆக, லூக் அந்த அறையில் பேரரசரை மட்டும் மறுக்கவில்லை, தன் ஆசான்களையும் மறுக்கிறான். அதன் பிறகே வேடர் பேரரசரைத் தூக்கி எறிகிறார், முகமூடி கழற்றப்படுகிறது, வெளிறிய ஒரு முதியவரின் முகம் மகனைப் பார்க்கிறது. 1980இல் பித்தளைக் கருவிகளின் முழக்கமாகப் பிறந்த அந்த அணிவகுப்பு இசை, வேடர் உயிர்விடும் இடத்தில் யாழின் தந்திகளில் தனித்தனிச் சுரங்களாகத் தேய்ந்து அடங்குகிறது. இந்தத் தொடரின் மிகச் சிறந்த கதைசொல்லல் எது என்று கேட்டால் அந்தச் சுரங்களைத்தான் சுட்டுவேன்.

காம்ப்பெல் வார்ப்பு குறித்து

ஸ்டார் வார்ஸ் பற்றிய எந்த விவாதமும் தொன்மவியல் அறிஞர் ஜோசஃப் காம்ப்பெல்லைத் தொடாமல் முடிவதில்லை. உலகத் தொன்மங்களின் நாயகர்கள் புறப்பாடு, தீட்சை, திரும்புதல் என்ற ஒரே தடத்தில் பயணிக்கிறார்கள் என்று 1949இல் வெளியிட்ட நூலில் 17 படிகளாக அவர் விவரித்தார். லூக்கஸ் அந்தச் சிந்தனைகளைப் படித்துப் பயன்பெற்றதை வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். காம்ப்பெல் பின்னர் லூக்கஸின் பண்ணை வளாகத்தில் மூன்று படங்களையும் பார்த்தார். பத்திரிகையாளர் பில் மோயர்ஸ் அங்கு அவரோடு நடத்திய உரையாடல்கள், 1987இல் காம்ப்பெல் மறைந்த பிறகு 1988இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பெரும் கவனம் பெற்றன. அதன் பின் இந்தப் படங்கள் காம்ப்பெல்லின் வார்ப்பில் ஊற்றி எடுக்கப்பட்டவை என்ற எண்ணம் உறுதிப்பட்டது. ஹாலிவுட்டில் அந்த வார்ப்பு ஒரு கையேடாகவே மாறியது.

முதல் படத்தை அந்த வார்ப்பு நன்றாக விளக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வார்ப்பைப் பின்பற்றி எடுக்கப்பட்டு மறக்கப்பட்ட படங்கள் ஏராளம். வார்ப்பு விளக்காதது இரண்டாம், மூன்றாம் படங்களில் இருக்கிறது. தந்தையோடு ஒப்புரவு என்பது காம்ப்பெல் குறிப்பிடும் படிகளுள் ஒன்று. அங்கே அச்சமூட்டும் தந்தையின் உருவத்தை ஊடுருவிக் கண்டு, மகன் அவரோடு ஒன்றுபடுகிறான். இங்கோ மாறுவது தந்தை. ‘தன்னேர் இல்லாத் தலைவனை உடைத்தாய்’ என்று பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்கிறது தண்டியலங்காரம். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால், 1977இல் ஐயமில்லாமல் லூக்தான் தலைவன். 1983இல் தலைமை யாருடையது என்ற கேள்வியே எழுந்துவிடுகிறது.

பின்னோக்கி எழுதப்பட்ட முன்கதை

1980ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்க எழுத்துகள் அதனை ஐந்தாம் அத்தியாயம் என்று அறிவித்தன. முதல் படத்துக்கு நான்காம் அத்தியாயம் என்ற எண் 1981இல் மறுவெளியீட்டின்போதுதான் சேர்க்கப்பட்டது. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்கள் வேடரின் இளமையைச் சொல்லி அந்த எண்வரிசையின் இடைவெளியை நிரப்பின. அவற்றின் வசனங்களிலும் நடிப்பிலும் உள்ள விறைப்பு பலரால் சுட்டப்பட்டது. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தின் துன்பியல் கட்டமைப்பு உறுதியானது. தாயின் துன்பத்தைக் கனவில் கண்ட அனாக்கின் (பின்னாளில் வேடராக மாறும் இளைஞன்) அது பலித்ததைப் பார்த்தவன்; ஆகவே மனைவி பாட்மே மகப்பேற்றில் இறப்பதாகக் கனவு வந்தபோது எந்த விலை கொடுத்தேனும் அதைத் தடுக்கத் துணிகிறான். அந்த விலையே அவளைக் கொல்கிறது. சிலப்பதிகாரத்தில் தீக்கனாக் கண்ட கண்ணகியிடம், பொய்கையில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனைப் பெறலாம் என்று தேவந்தி சொல்ல, ‘பீடன்று’ என்ற ஒரே சொல்லில் கண்ணகி அதை மறுத்துவிடுகிறாள். அனாக்கினின் வாயில் வராமல் போன சொல் அது.

கதைவரிசைப்படி ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து பார்க்கத் தொடங்கும் இளைய பார்வையாளருக்கு, மேக நகரத்து அறிவிப்பு திருப்பமே அன்று. அவர் அறிவார், வேடர் அறிவார், லூக் மட்டும் அறியான். திடுக்கிடல் போய்விட்டு, எப்போது தெரியவரும் என்ற கலக்கம் அந்த இடத்தை நிரப்புகிறது. எது சிறந்த அனுபவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளியான வரிசையில் பார்ப்பவரே, 1980க்கும் 1983க்கும் இடையில் வேடர் உண்மை சொல்கிறாரா பொய் சொல்கிறாரா என்று காத்திருந்தவர்களின் நிலைக்கு நெருங்கி வருகிறார்.

லூக்கஸ் தன் நிறுவனத்தை 2012இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு டிஸ்னிக்கு விற்ற பிறகு வந்த மூன்று படங்களும் அதே கேள்வியைத்தான் மீண்டும் எடுத்தன: ரே என்ற பெண்ணின் பெற்றோர் யார்? 2015இல் கேள்வி எழுந்தது. 2017இல், குடிப்பதற்குப் பணம் வேண்டி மகளை விற்ற பெயரற்ற பழம்பொருள் வியாபாரிகள் என்ற விடை வந்தது. 2019இல் அந்த விடை மாற்றப்பட்டு, அவள் பேரரசரின் பேத்தி என்றானது. 1978இல் விடையை மாற்றியபோது ஒரு மகன் சுமக்க முடியாத சுமை பிறந்தது. 2019இல் மாற்றியபோது, எங்கிருந்தோ வந்த ஒருத்தியும் நாயகியாகலாம் என்ற வாயில் மூடப்பட்டு, வலிமை குருதிவழியாகவே வரும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. இரண்டும் ஒரே உத்தி, விளைவு நேரெதிர்.

அந்த வாயில் திறந்திருந்த காட்சி 2017ஆம் ஆண்டுப் படத்தில் இருக்கிறது. லூக் டாகோபா குகைக்குள் சென்றதைப் போலவே ரேயும் தீவின் அடியிலுள்ள குகைக்குள் இறங்குகிறாள். பனி படர்ந்த கண்ணாடி போன்ற சுவரின் முன் நின்று, என் பெற்றோரைக் காட்டு என்று கேட்கிறாள். தொலைவில் இரண்டு நிழலுருக்கள் நடந்து வருகின்றன, நெருங்க நெருங்க ஒன்றாகின்றன, கண்ணாடியின் மறுபுறம் ஒரு கை எழுந்து பனியைத் துடைக்கிறது. தெரிவது அவளுடைய முகம்.